தவறணையில் தாங்கிய உடம்பு கல்யாண மண்டபத்தில் ஏன் விழுகிறது?

இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய மாமா முப்பது வருடமாகக் குடிப்பவர். சம்பள நாளில் தவறணையில் (சாராயக் கடையில்) அரைப் போத்தல் சாராயத்தை முடித்துவிட்டு, இருட்டில் குறுக்குப் பாதையில் ஏறி லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வந்து சேர்வார். கால் பிசகாது. போன மாதம் கொழும்பில் ஒரு கல்யாணம். அங்கே வழக்கமான அளவுகூட இல்லை, மண்டப வாசலிலேயே சரிந்துவிட்டார். கலப்படமா, வயசா, கண்ணேறா என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்களாம். “பழகப் பழகத் தாங்கும் என்கிறார்களே, அந்தப் பழக்கம் உடம்பில் எங்கே இருக்கிறது?” என்பது அவருடைய இரண்டாவது கேள்வி. மூன்றாவதைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறார்: பெரியம்மா மகன் ஹெரோயின் பாவித்து, புனர்வாழ்வு நிலையத்தில் ஆறு மாதம் இருந்து, அடுத்த மாதம் வீட்டுக்கு வருகிறான். பெரியப்பா வேன் பிடித்துக் கூட்டிவரப் போகிறார். வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

தம்பி, உங்கள் மூன்றாவது கேள்விதான் பெரிய கேள்வி. ஆனால் மாமாவின் கதை புரிந்தால்தான் அதற்குப் பதில் விளங்கும் என்பதால் மாமாவிடம் இருந்தே தொடங்குகிறேன். நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். அப்புறம் குடியை விட நினைப்பவர்களோடு உட்கார்ந்து பேசுகிற வேலைக்கு மாறினேன். உங்கள் மாமா மாதிரி நூறு மாமாக்களைப் பார்த்தாயிற்று.

முதலில் சாதாரணக் காரணங்களை ஒதுக்கிவிடுவோம். நம் சாராயத்தில் மதுசாரம் 33 சதவீதம் சொச்சம். கல்யாண மேசையில் வைக்கிற விஸ்கி பெரும்பாலும் 40. அரைப் போத்தல் என்பது 375 மில்லிலீட்டர். சாராயமென்றால் அதில் சுத்த மதுசாரம் ஏறத்தாழ 125 மில்லிலீட்டர், விஸ்கியென்றால் 150. பிறகு, வெறும் வயிறு. காலையில் வேனில் ஏறி மத்தியானம் தாண்டிச் சாப்பாட்டுக்குக் காத்திருந்த வயிறு. தூக்க மாத்திரையோ ஒவ்வாமை மாத்திரையோ போட்டிருந்தாரா என்றும் கேட்டுப் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலே பாதி விஷயம் முடிந்தது. இவை எதுவும் இல்லை, குடித்ததும் குறைவுதான் என்றால், அப்போதும் விளக்கம் இருக்கிறது. அது பலருக்கும் தெரியாத விளக்கம்.

தாங்குதிறன் என்று நாம் சொல்வது ஒரே பொருள் இல்லை, இரண்டு மூன்று சமாச்சாரங்கள் சேர்ந்தது. ஒன்று ஈரலில் இருக்கிறது. தொடர்ந்து குடிப்பவரின் ஈரல் மதுசாரத்தை உடைக்கும் நொதியங்களைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்கிறது, அதனால் கொஞ்சம் வேகமாகக் கழிக்கிறது. (ஈரல் கெட்டுப்போன பிறகு இதுவே தலைகீழாகும். ஒரு காலத்தில் போத்தல் முடித்தவர் ஒரு கால் போத்தலுக்கே தடுமாறுவார்.) இன்னொன்று மூளையில். சாராயம் மூளையை மந்தமாக்குகிறது. தினமும் மந்தமாக்கினால், நரம்பணுக்கள் தங்களை முறுக்கேற்றி வைத்துக்கொள்கின்றன. சாராயம் இல்லாத நாளில் அந்த முறுக்கு மட்டும் மிச்சம் நிற்பதால்தான் விடியலில் கை நடுங்குகிறது. இந்த இரண்டையும் எந்த டொக்டரும் சொல்வார். ஆனால் மாமா கொழும்புக்குப் போகும்போது ஈரலையும் மூளையையும் லயத்தில் கழற்றி வைத்துவிட்டுப் போகவில்லையே! தவறணையில் இருந்த அதே ஈரல், அதே மூளைதான் மண்டபத்திலும் இருந்தது. அப்படியிருக்க ஏன் விழுந்தார்?

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. உடம்பு கற்றுக்கொண்டது. அது கற்ற இடத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பது.

பஸ் நிலையத்தில் அம்பரலங்காய் அச்சாறு விற்பவரைத் தூரத்தில் கண்டதும் வாயில் எச்சில் ஊறுகிறதல்லவா? அச்சாறு இன்னும் வாய்க்கு வரவில்லை, வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நாய்களை வைத்துக் காட்டியது இதைத்தான். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஷெப்பர்ட் சீகல் என்ற உளவியலாளர் 1970களில் இதே யோசனையைப் போதைப்பொருளுக்குப் பொருத்திப் பார்த்தார். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி ஒரு பொருள் திரும்பத் திரும்ப உடம்புக்குள் வந்தால், அந்த இடத்தைக் கண்டதுமே உடம்பு முன்கூட்டி எதிர்வேலையைத் தொடங்கிவிடுகிறது. பொருள் இதயத்தை மெதுவாக்கும் என்றால் உடம்பு அதை விரைவாக்கப் பார்க்கும். வலியை மரக்கடிக்கும் என்றால் வலியைக் கூர்மையாக்கி வைக்கும். அப்புறம் பொருள் உள்ளே வரும்போது இரண்டும் மோதிப் பாதி சரியாகிவிடும். வெளியே இருந்து பார்ப்பவர் “ஆள் நல்லாத் தாங்குறான்” என்பார்.

இதில் நம் ஊருக்கு நேரடியாகப் பொருந்துகிற ஒரு பரிசோதனை உண்டு. அதைச் சொல்வதற்கு முன் குளிரைப் பற்றிப் பேச வேண்டும். மலைநாட்டில் குடிப்பதற்குச் சொல்லப்படும் முதல் காரணம் குளிர்தானே. நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லின் மேல் வெள்ளையாக உறைபனி கிடக்கும். அந்தக் குளிருக்கு ஒரு மிடறு ஊற்றினால் கதகதவென்று இருப்பது உண்மை. ஆனால் நடப்பது வேறு. சாராயம் தோலுக்கடியில் இருக்கும் இரத்தக் குழாய்களை விரித்துவிடுகிறது. உள்ளே இருக்க வேண்டிய சூடான இரத்தம் தோலுக்கு வருகிறது, தோல் சூடாக உணர்கிறது, அந்தச் சூடு அப்படியே காற்றில் போய்விடுகிறது. உள்ளுடம்பு குளிர்கிறது. குடித்துவிட்டுக் கானுக்குள் (வடிகாலுக்குள்) விழுந்து கிடந்தவரை விடியலில் விறைத்த நிலையில் தூக்கிவந்ததை நான் ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

1979இல் வெளிவந்த அந்தப் பரிசோதனை எலிகளை வைத்துச் செய்தது. குறிப்பிட்ட ஒரு சூழலில் எலிகளுக்கு மதுசாரம் கொடுத்தார்கள். முதலில் உடல் வெப்பம் இறங்கியது. திரும்பத் திரும்பக் கொடுக்க, இறங்குவது குறைந்துகொண்டே வந்தது. சரி, பழகிவிட்டது. இப்போது அதே எலிகளுக்கு அதே அளவை வேறொரு சூழலில் கொடுத்தார்கள். வெப்பம் மறுபடி இறங்கியது, பழகியதெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்கிற மாதிரி. அடுத்து, மதுசாரம் கொடுத்துப் பழக்கிய அந்தப் பழைய சூழலில் வெறும் உப்புத்தண்ணீரை ஊசியில் ஏற்றினார்கள். எலிகளின் உடல் வெப்பம் ஏறியது! மதுசாரம் வரும் என்று எதிர்பார்த்து உடம்பு முன்னாலேயே அடுப்பை மூட்டிவிட்டது, வந்ததோ வெறும் தண்ணீர்.

இப்போது மாமாவைத் தவறணைக்குக் கூட்டிப் போங்கள். சம்பள நாள், பின்னேரம். சாக்குத் துணியின் வாசம், ஈர மேசை, பக்கத்தில் அதே நாலு பேர், கடலை வாங்கிச் சுற்றிய கடதாசி, சில்லறை எண்ணுகிற சத்தம். முப்பது வருடமாக இவையெல்லாம் ஒரே செய்தியைச் சொல்லிவந்திருக்கின்றன. முதல் மிடறு தொண்டையில் இறங்குவதற்கு முன்பே மாமாவின் உடம்பு இடுப்பைக் கட்டி நின்றுவிட்டது. மண்டபத்தில் என்ன இருந்தது? குளிரூட்டி, சென்ட் வாசம், நாதஸ்வரம், தெரியாத முகங்கள், கண்ணாடிக் கிளாஸில் ஐஸோடு ஏதோ ஒன்று, அதுவும் பகலில். உடம்புக்குத் தகவல் போகவில்லை. காவலாளி தூங்கும் வீட்டுக்குள் திருடன் நுழைந்த கதைதான்.

இடம் மட்டுமில்லை, குடிக்கிற பானத்தின் நிறமும் மணமும்கூடத் தகவல்தான். 1997இல் வெளியான ஓர் ஆய்வில், பியர் குடித்துப் பழகியவர்களுக்கு ஒரே அளவு மதுசாரத்தை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள், ஒன்று பியராக, மற்றது நீல நிறத்தில் பெப்பர்மின்ட் வாசத்தோடு ஒரு பானமாக. நீலப் பானத்தைக் குடித்தவர்களுக்குப் போதை அதிகமாகத் தெரிந்தது, கொடுத்த வேலைகளிலும் அதிகம் தடுமாறினார்கள். கல்யாண வீட்டில் பெரிய பாத்திரத்தில் பழச்சாறோடு கலந்து வைப்பார்களே, அதைக் குடித்துவிட்டு “என்னமோ கலந்துட்டாங்க” என்று சொல்கிறவர்களில் பலருக்கு யாரும் ஒன்றும் கலந்திருக்க மாட்டார்கள். நாக்குக்குப் பழக்கமில்லாத ருசி, அவ்வளவுதான்.

இது ஒரு பாதி. மற்றப் பாதி, குடித்துவிட்டு என்ன செய்து பழகினோம் என்பது. இதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன், ஏனென்றால் என் அப்பாவே கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிவிடுகிறவர்.

கவ்வாத்து வெட்டுவதைப் பார்க்காதவர்களுக்கு: வளைந்த கத்தி, ஒரே வீச்சில் மிலாறு (தேயிலைக் குச்சி) சாய்வாக அறுபட வேண்டும், பிளக்கக் கூடாது. நிற்கிற இடமோ சரிவு. கத்தி ஒரு அங்குலம் தப்பினால் கணுக்கால். அப்பா மாதிரி சிலர் காலையில் ஒரு மிடறு போட்டுவிட்டுத்தான் மலைக்குப் போவார்கள். கை ஆடாது. ஒரே வீச்சு, ஒரே சாய்வு. சின்ன வயதில் அதைப் பார்த்து, அப்பாவுக்குச் சாராயம் ஒன்றும் செய்யாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதே மிடறோடு அப்பா வீட்டில் ஊசியில் நூல் கோர்க்க முயன்றதை ஒருநாள் பார்த்தேன். கடைசியில் அம்மாயிதான் வாங்கிக் கோர்த்துக் கொடுத்தார். கத்திக்குப் பழகிய கை ஊசிக்குப் பழகவில்லை.

1968இல் சென் என்ற ஆய்வாளர் எலிகளில் இதைச் சுத்தமாகப் பிரித்துக் காட்டினார். இரண்டு கூட்டம் எலிகள், இரண்டுக்கும் ஒரே அளவு மதுசாரம். ஒரு கூட்டத்துக்கு வழி கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு முன்னால் கொடுத்தார், மற்றதுக்குப் பயிற்சி முடிந்த பிறகு. இரண்டு கூட்டத்தின் உடம்பும் கண்ட மதுசாரம் சமம். பிறகு இரண்டு கூட்டத்துக்கும் மதுசாரம் கொடுத்துவிட்டு ஓடவிட்டார். போதையில் ஓடிப் பழகியவை சமாளித்தன. போதையை வேறு நேரத்தில் அனுபவித்தவை தடுமாறின. ஆக, எவ்வளவு உள்ளே போனது என்பதோடு கதை முடியவில்லை. உள்ளே இருக்கும்போது என்ன வேலை செய்து சமாளித்தோம் என்பதும் கணக்கில் வருகிறது.

இதற்கு மேல் ஒரு படி போனவர் கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் மியூரியல் வோகல்-ஸ்ப்ராட். அவர் மனிதர்களுக்கு மதுசாரம் கொடுத்துக் கைவேலை செய்யச் சொன்னார். நிதானமானவர் போலச் செய்தால் பலன் உண்டு என்ற கூட்டம் சீக்கிரம் தாங்கப் பழகியது. பலனுக்கும் செய்கைக்கும் சம்பந்தமில்லாத கூட்டத்தில் அந்த வேகம் இல்லை. போதையில் அந்த வேலையை மனதுக்குள் ஒத்திகை பார்த்தவர்களுக்குக்கூடத் தாங்குதிறன் வந்தது என்பதையும் அவருடைய குழு காட்டியது.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் லயத்தில் ஒரு பெரியப்பா இருந்தார். முதல் காம்பராவில் (லயத்து அறையில்) அவருடைய மாமனார். குடித்துவிட்டு வந்தால் மாமனார் வாசலைத் தாண்டும்வரை நெஞ்சை நிமிர்த்தி, துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, “சாப்பிட்டாச்சா மாமா?” என்றுகூடத் தெளிவாகக் கேட்பார். நாலாவது காம்பரா அவருடையது. அந்த வாசற்படியில் கால் வைத்ததும் அப்படியே மடிந்து விழுவார். மூன்று காம்பராவைத் தாண்டும் நேரத்தில் இரத்தத்தில் மதுசாரம் ஒன்றும் கூடிவிடவில்லை. மாமனார் முன்னால் தடுமாறினால் நட்டம் இருந்தது, சொந்த வாசலில் இல்லை. பெரியம்மா “நடிக்கிறார்” என்று திட்டுவார். நடிப்பு இல்லை. அந்தப் பத்தடி தூரத்துக்கு மட்டும் அவருடைய உடம்பு கற்றுத் தேறியிருந்தது.

இதில் ஒரு ஆபத்தைச் சொல்லாமல் போக முடியாது. எட்வர்ட் மெலன்பி என்ற பிரித்தானிய ஆய்வாளர் 1919இல் கவனித்தது: இரத்தத்தில் மதுசாரம் ஏறும்போது ஒரு அளவில் இருக்கிற தடுமாற்றம், அது இறங்கும்போது அதே அளவில் குறைவாக இருக்கிறது. ஒரே இருப்பிலேயே உடம்பு கொஞ்சம் சமாளித்துக்கொள்கிறது. இதனால் குடித்தவருக்கு “தெளிஞ்சிடுச்சு” என்று தோன்றுகிறது. தெளியவில்லை. அந்த நேரத்தில்தான் த்ரீவீல் சாவியை எடுப்பார்கள். நேராக நடக்கப் பழகிய கால் வேறு, வளைவில் எதிரே வரும் லொறியைக் கண்டு பிரேக் அடிக்க வேண்டிய மூளை வேறு. நம் ரோட்டு வளைவுகளைச் சொல்லத் தேவையில்லை.

கணக்குப் பார்ப்பவர்களுக்கு: அரைப் போத்தல் சாராயத்தில் மதுசாரம் ஏறத்தாழ 100 கிராம். ஈரல் சாதாரணமாக மணிக்கு 7 முதல் 10 கிராம் வரை கழிக்கும். பழகிய ஈரல் இன்னும் கொஞ்சம் வேகமாகக் கழிக்கலாம். இரவு ஏழு மணிக்குக் குடித்தவர் காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) வந்து பெயர் கொடுக்கும்போதும் உள்ளே மிச்சம் இருக்கலாம். நேராக நிற்பதால் இல்லை என்று ஆகிவிடாது. ஈரலுக்கு, கணையத்துக்கு, இரத்த அழுத்தத்துக்கு இந்தப் பழக்கமெல்லாம் தெரியாது. அவை நூறு கிராமுக்கும் நூறு கிராமாகவே அடி வாங்குகின்றன. தாங்குகிறவர்தான் அதிகம் குடிப்பார், அதனால் அவருக்குத்தான் அடியும் அதிகம். இன்னொன்று: நடை, பேச்சு விஷயத்தில் வருகிற அளவுக்குத் தாங்குதிறன் உயிர் போகிற அளவு விஷயத்தில் வருவதில்லை. அந்த எல்லை பெரிதாகத் தள்ளிப் போகாது. ஆள் மட்டும் அதை நெருங்கிப் போய் நிற்கிறார், நெருங்கியது தெரியாமலே.

கசிப்பு (கள்ளச் சாராயம்) குடிப்பவர்களுக்கு இதுகூடப் பொருந்தாது. ஒவ்வொரு வடிப்பும் ஒவ்வொரு பலம், சில நேரம் நஞ்சு. எதற்குப் பழகுவது?

இனி, பழகியது மறந்துபோவதைப் பற்றி. இதை நம் ஊரில் வருடா வருடம் பார்க்கலாம். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுவார்கள். 41 நாள், சிலர் 48 நாள், ஒரு சொட்டு தொடமாட்டார்கள். கருப்பு வேட்டி, காலையில் குளிர்ந்த தண்ணீரில் குளியல், எல்லாரும் “சாமி” என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயரே ஒரு கட்டுப்பாடு. நான் இதை மதிக்கிறேன், எந்த ஆலோசகரும் கொடுக்க முடியாத ஒன்றை அது கொடுக்கிறது. ஆனால் மாலை கழற்றிய அன்றைக்கே சிலர் பழைய அளவை ஊற்றிக்கொள்வார்கள். நாற்பது நாளில் ஈரல் தன் வேகத்தைக் குறைத்திருக்கும், மூளை தன் முறுக்கைத் தளர்த்தியிருக்கும். பழைய அளவு இப்போது புதிய ஆளுக்குள் போகிறது. வாந்தி மூச்சுக்குழாயில் போய் ஆபத்தாவது இந்த மாதிரி இரவுகளில்தான்.

மாலை போடுகிற முதல் மூன்று நாளையும் கவனிக்க வேண்டும். தினமும் நிறையக் குடித்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கலாம். சாமி வந்துவிட்டது என்று சூடம் காட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் இருந்து ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது ஞாபகம் இருக்கிறது. அது உயிருக்கு ஆபத்தான நிலை, மருந்து உண்டு. அறையில் பூட்டிவைக்கிற விஷயம் இல்லை.

சரி, பெரியம்மா மகன்.

1982இல் சீகலும் அவரோடு இருந்தவர்களும் எலிகளில் ஹெரோயினை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். படிப்படியாக அளவைக் கூட்டிப் பழக்கினார்கள். கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய அளவு. முன்பு ஹெரோயினே காணாத எலிகளில் 96 சதவீதம் செத்தன. பழகிய எலிகளில், பழகிய அறையிலேயே அந்த அளவை வாங்கியவற்றில் 32 சதவீதம். அதே அளவுக்குப் பழகியிருந்தும் வேறு அறையில் வாங்கியவற்றில் 64 சதவீதம். அறை மாறியது மட்டும்தான் வித்தியாசம், சாவு இரண்டு மடங்கு. பிறகு சீகல் அளவு மீறிச் சாகக் கிடந்து தப்பிய பத்துப் பேரிடம் பேசினார். அன்றைக்கு வழக்கத்துக்கு மாறான இடத்திலோ முறையிலோ எடுத்ததாக ஏழு பேர் சொன்னார்கள்.

இன்னொரு சம்பவம் என் மனதை விட்டுப் போகாது. 1986இல் சீகலும் இன்னொருவரும் பதிவு செய்தது. கணையப் புற்றுநோய்க்காரர் ஒருவர், வலிக்கு வீட்டிலேயே மோர்பின் ஊசி. ஏறத்தாழ நாலு வாரமாக, மங்கலான வெளிச்சமுள்ள படுக்கையறையில், மகன்தான் போட்டுவந்தார். ஒருநாள் அப்பா எப்படியோ எழுந்து முன்னறைக்கு வந்துவிட்டார். அங்கே நல்ல வெளிச்சம். வலி தாங்காமல் இருந்தவருக்கு மகன் அங்கேயே வழக்கமான அளவைப் போட்டார். அளவு மீறியது போன்ற அறிகுறிகள், பிறகு மரணம். டொக்டர் எழுதிக் கொடுத்த அதே அளவு. மாறியது அறை.

உங்கள் அண்ணனோ தம்பியோ, வயசு நீங்கள் சொல்லவில்லை, அவனுக்கு இப்போது இரண்டும் சேர்ந்து நிற்கிறது. ஆறு மாதம் உடம்பு சுத்தமாக இருந்ததால் பழைய தாங்குதிறன் போய்விட்டது. இந்தப் பொருள் மூச்சை நிறுத்துகிற பொருள். அவன் ஞாபகத்தில் இருப்பதோ பழைய அளவு. அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் சிறையில் இருந்து வெளியே வந்தவர்களைப் பற்றி 2007இல் வந்த ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் போதைப்பொருள் அளவு மீறிச் சாகும் வாய்ப்பு மற்ற மக்களைப்போல 129 மடங்கு. அந்த இரண்டு வாரத்தை வீட்டார் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதில் “திரும்ப எடுத்தால் வீட்டுக்கு வராதே” என்று மிரட்டினால், எடுத்தால் வேறெங்கோ தனியாக எடுப்பான். புது இடம், தனிமை, பழைய அளவு. இந்த மூன்றும் சேரக் கூடாது. அதற்குப் பதிலாக அவனிடம் நேராகச் சொல்லுங்கள், நிலையத்திலேயே சொல்லியிருந்தாலும் மறுபடி சொல்லுங்கள்: “உன் உடம்பு இப்ப புது உடம்பு, பழைய அளவு உன்னைக் கொன்றுவிடும்.” சொன்னால் ஞாபகப்படுத்தியது ஆகிவிடுமோ என்று பெரியம்மா பயப்படுவார். அவனுக்கு ஞாபகப்படுத்த நாம் தேவையில்லை.

ஞாபகப்படுத்துவது இடம். இடம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது, இதுதான் இந்த விஷயத்திலேயே கொடுமையானது. பழைய இடத்தைக் கண்டதும் உடம்பு முன்பு மாதிரியே எதிர்வேலையைத் தொடங்குகிறது. பொருள் வராததால் அந்த எதிர்வேலை மட்டும் தனியாக நிற்கிறது: கொட்டாவி, மூக்கு ஒழுகல், வயிற்றைப் பிசைவது, ஏக்கம். ஆறு மாதம் ஒன்றுமில்லாமல் இருந்தவனுக்கு டவுனில் குறிப்பிட்ட ஒரு சந்தில் நின்றதும் காய்ச்சல் மாதிரி வருவது இதனால்தான். மன உறுதி இல்லை என்று திட்டுவார்கள். அச்சாற்றைப் பார்த்து எச்சில் ஊறுகிறவனுக்கு மன உறுதி இல்லை என்று சொல்வது மாதிரி அது. வியட்நாம் போரில் ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற சமூகவியலாளர் நாடு திரும்பிய பிறகு தேடிப் பேசினார். அங்கே ஐந்தில் ஒருவர் அளவுக்கு அடிமையாகியிருந்தார்கள். ஊர் திரும்பிய முதல் வருடத்தில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் மிகச் சிலர், ஏறத்தாழ 5 சதவீதம். காரணங்கள் பல சொல்லலாம். ஒன்று, போதை எடுத்த இடம் ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் விடுபட்டுப் போயிருந்தது. நம் பிள்ளைகளுக்கு நேர்மாறு. தூரத்தில் சுகமாகி, எடுத்த இடத்துக்கே திரும்பி வருகிறார்கள்.

அதனால் முதல் சில மாதம் வேறு ஊரில் இருக்க வழி உண்டா என்று பாருங்கள். பண்டாரவளையிலோ வேறெங்கோ நல்ல உறவு இருந்தால் நல்லது. கொழும்பு வேண்டாம், அவன் அங்கே கடையில் நின்றபோது பழகியது என்றால் முற்றாக வேண்டாம். வழியில்லை, லயத்துக்குத்தான் வர வேண்டும் என்றால், காம்பராவிலாவது சிலதை மாற்றுங்கள். படுக்கிற இடம், போர்வை, பழைய போன், பழைய இலக்கங்கள். அற்பமாகத் தெரியும். உடம்பு இந்த அற்பங்களைத்தான் வாசிக்கிறது.

வீட்டில் எல்லாருக்கும் ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். கூப்பிட்டும் உலுக்கியும் எழும்பாமல் இருந்தால், மூச்சு மிக மெதுவாகவோ குறட்டை மாதிரி இழுத்தோ வந்தால், உதடு நீலமானால், கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருந்தால், அது தூக்கம் இல்லை. உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். தேசிக்காய் பிழிவது, தலையில் தண்ணீர் ஊற்றுவது, “விடியட்டும், தெளியும்” என்று விடுவது எதுவும் வேண்டாம். இதை முறிக்கிற மருந்து ஆஸ்பத்திரியில் உண்டு, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். பொலிஸ் வரும், மானம் போகும் என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த வீடுகளுக்கு நான் பிறகு சாவு வீட்டுக்குத்தான் போயிருக்கிறேன்.

மாமாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: அடுத்த கல்யாணத்தில் முதலில் சாப்பாடு, கிளாஸில் இருப்பது என்னவென்று தெரியாவிட்டால் தொட வேண்டாம், தொட்டாலும் தவறணைக் கணக்கை அங்கே போட வேண்டாம். கண்ணேறு கழிக்க விரும்பினால் கழிக்கட்டும், அதில் நட்டமில்லை.

வேன் விஷயத்தில் மட்டும் பெரியப்பாவிடம் கண்டிப்பாகப் பேசுங்கள். வழக்கமாக டவுனில் நிறுத்தித் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள். அன்றைக்கு நிறுத்தாமல் நேரே தோட்டத்துக்கு வரட்டும். பெரியம்மா வீட்டில் ஊற்றி வைத்திருக்கட்டும்.